ஓர் எழுத்து விடாமல்

மார்ச் 3
(எழுதி மடித்து, அனுப்பாமல் மேசை டிராயரில் போட்டது)

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நடுக்கடலில் நீ நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே யாரும் நன்றாக இல்லை.

நீ கப்பலேறிய பதினெட்டாம் நாள், பிப்ரவரி பத்தாம் தேதி காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்த அப்பா பிரஷ்ஷோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூளைக்குப் போகிற ரத்தத்தில் அடைப்பு என்றார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. வலது கை விழுந்துவிட்டது, கால் இழுக்கிறது, பேச்சு போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது, எல்லாம் ஞாபகம் இருக்கிறது. நாக்கும் உதடும்தான் சொன்னபடி கேட்பதில்லை. முப்பது வருஷம் பஸ் நிலைய மைக்கில் ஊரையே வழியனுப்பி வைத்த மனுஷன், தண்ணீர் கேட்க டம்ளரைத் தட்டுகிறார்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒரு சிடி தந்தார். வாயை எப்படித் திறப்பது, நாக்கை எங்கே வைப்பது என்று படமாக ஓடுமாம். தினம் மூன்று வேளை பார்த்துச் செய்யவேண்டும். "முதல் ஆறு மாசந்தாம்மா முக்கியம். அதுக்குள்ள வர்றதுதான் வரும். அப்புறம் தலைகீழா நின்னாலும் கஷ்டம்" என்றார். ஆறு மாதம் என்றால் ஆகஸ்ட் பத்து. நீ வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டரில் அந்த சிடி ஓடமாட்டேன் என்கிறது.

பிரௌசிங் சென்டருக்குப் போய் நான் பார்த்தேன், அங்கே ஓடுகிறது. அப்பாவைக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறார். அவர் குரலைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் மத்தியில் உட்கார்ந்து ஆ, ஊ என்று அழவேண்டுமா என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதில் இருப்பதை எடுத்து வர ஃபிளாப்பியில் இடம் போதாதாம்.

உன் கம்பெனிக்குப் போய்ச் சொன்னால் ரேடியோவில் உன்னைக் கூப்பிடுவார்கள். அதற்கும் அப்பா விடவில்லை. உன் கம்ப்யூட்டரில் இடது கை ஒற்றை விரலால் எழுத்துக் கூட்டி அடித்தார்: தம்பிக்குச் சொல்லாதே. ஒன்பது மாதக் கடல்வேலையை முழுசாக முடித்தால்தான் உன்னைப் பரீட்சைக்கு உட்கார விடுவார்கள், பாதியில் இறங்கினால் திரும்ப முதலிலிருந்து. நம் அம்மாவின் கடைசி நாட்களுக்காக ஒரு தடவை இறங்கினாய். 'இன்னொரு தடவை என்னால ஆகக் கூடாது' என்பதையும் அடித்தார். அதற்கு அரை மணி நேரம் பிடித்தது.

எழுதிவிட்டேன். அனுப்புவேனா என்று எனக்கே தெரியவில்லை.

அக்கா


மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ நலமா? கப்பலில் சாப்பாடு வாயில் வைக்கிற மாதிரி இருக்கிறதா? நாங்கள் இருவரும் நலம். அப்பா எப்போதும்போல் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறார்.

ஒரு சின்ன உதவி. எங்கள் பேக்கரியில் கேக்கின் மேல் கிரீம் பூ போடக் கற்றுக்கொடுக்கிற சிடி ஒன்று கிடைத்தது. பாட்டுக் கேட்கிற பெட்டியில் ஓடாது, கம்ப்யூட்டரில்தான் ஓடுமாம். நம் கம்ப்யூட்டரில் போட்டால் ஒன்றும் வருவதில்லை. என்ன செய்யவேண்டும் என்று உடனே எழுது. ரொட்டிக்கு உறை மாட்டுகிறவளுக்குப் புரிகிற மாதிரி எழுது, உன் வித்தையெல்லாம் காட்டாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

கப்பல் ஆடுகிறது, நான் ஆடாமல் இருக்கிறேன். நீயும் அப்பாவும் சுகமாக இருப்பதில் சந்தோஷம். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை சாமான் படகு வருகிறது, அதில்தான் உன் கடிதமும் வந்தது. இந்த ஆராய்ச்சிக் கப்பல் கரைப் பக்கமே போகாது. அலைகளை எண்ணிச் சலித்துப்போய் இப்போது ஜெனரேட்டரோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

கிரீம் பூவா! அதற்கும் படிப்பு வந்துவிட்டதா? சரி, கேள். நான் போட்டிருப்பது லினக்ஸ். முகம் தெரியாத எத்தனையோ பேர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று திறந்து வைத்த சிஸ்டம். தமிழிலேயே பேசும். அப்பாவுக்கு ஆங்கிலம் வராதே என்றுதான் இதைத் தேடிப் போட்டேன். எழுதியதற்குப் பெயர் வைக்கக்கூட அவர் திண்டாடவேண்டாம். சேமித்தால் முதல் வரியே அந்தக் கோப்பின் பெயராக நின்றுவிடும். அப்படி அமைத்தது யார்? உன் தம்பிதான்.

ஒரே ஒரு சங்கதி. இந்த சிஸ்டத்தில் சிடியைத் தட்டில் வைத்தால் மட்டும் போதாது, 'இதோ சிடி' என்று நாம் ஒரு தடவை சொல்லவேண்டும். அதற்கு மவுண்ட் செய்வது என்று பெயர். தனித்தாளில் கட்டளையை ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கிறேன். கறுப்புத் திரையைத் திறந்து அதை அப்படியே அடி. சாய்கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து அடி.

ஒரு நிமிட வேலை. அப்பாவை இரண்டு வரி எழுதச் சொல். எழுதுவதற்கென்றே அந்தக் கம்ப்யூட்டரை அவருக்கு வைத்துவிட்டு வந்தேன்.

தம்பி


ஏப்ரல் 16

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கண்டோம். இங்கே எல்லாரும் நலம் என்றே வைத்துக்கொள்.

உன் ஒரு நிமிட வேலையை நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை செய்தேன். சாய்கோடு அந்தப் பக்கம், இந்தப் பக்கம், எல்லாப் பக்கமும் சாய்த்துப் பார்த்தாயிற்று. பச்சை விளக்கு எரிகிறது. பொத்தானை அமுக்கினால் தட்டு நாக்கை நீட்டுகிற மாதிரி வெளியே வருகிறது, சிடியை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறது. திரையில் மட்டும் 'அப்படி ஒரு சாதனம் இல்லை' என்று வருகிறது. கண்ணெதிரே குத்துக்கல்லாக இருப்பதை இல்லை என்று சாதிக்கிறதே, இதற்கு எவ்வளவு திமிர்!

முனைக்கடை கம்ப்யூட்டர் மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன். பார்த்துவிட்டு, "இந்த சிஸ்டமெல்லாம் எனக்குப் பழக்கமில்லீங்க. எல்லாத்தையும் அழிச்சிட்டு வேற போட்டுத் தர்றேன், ஆனா அதுல தமிழ் வராது" என்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். தமிழ் இல்லாமல் இந்த வீட்டில் முடியாது. அது ஏன் என்று கேட்காதே.

அப்பா ஒன்று சொல்கிறார். பெட்டிக்குள் ஏதோ ஒயர் மாட்டவில்லையாம், திறந்து பார்க்கச் சொல்கிறார். திறக்கட்டுமா? எனக்குப் பயமாக இருக்கிறது. நீ சொன்னால் திறக்கிறேன்.

கொஞ்சம் சீக்கிரம் எழுது. பேக்கரியில் ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் பூ போடக் கற்றாகவேண்டும் என்கிறார்கள்.

அக்கா


மே 7

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்கவேண்டும்.

பெட்டியைத் திறக்காதே. யாரையும் திறக்க விடாதே. ஒயர் என்றா சொன்னார் அப்பா? மைக்கை ஆன் செய்வதோடு அவருடைய எலக்ட்ரிக் ஞானம் முடிந்தது. விளக்கு எரிகிறது, தட்டு வருகிறது, போகிறது. ஒயர் இல்லாமல் எப்படி எரியும், எப்படி வரும்? ஊருக்கெல்லாம் ஒயர் இழுக்கிறவன் நான், என் வீட்டுப் பெட்டியில் ஒயரைக் கோட்டைவிடுவேனா? அவரைச் சும்மா உட்காரச் சொல்.

கோளாறு வேறு இடத்தில். சிஸ்டம் காலையில் எழுந்ததும் படிக்கிற பட்டியல் ஒன்று உண்டு, எந்தெந்தச் சாதனம் எங்கே இருக்கிறது என்று. அதில் சிடிக்கு ஒரு வரி சேர்க்கவேண்டும். அந்த வரியும் அதற்கான கடவுச்சொல்லும் தனித்தாளில் இருக்கின்றன. கவனமாக அடி.

கிரீம் பூவுக்காக நடுக்கடலிலிருந்து வைத்தியம் பார்க்கிற ஒரே எலக்ட்ரீஷியன் நானாகத்தான் இருப்பேன். முதல் கேக் எனக்குத்தான்.

அப்பா ஏன் எழுதவில்லை? என்மேல் ஏதாவது கோபமா?

தம்பி


மே 31

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலம்தானே? நாங்கள் இருக்கிறோம்.

உன் வரியைச் சேர்த்தேன். மறுநாள் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவேயில்லை. கறுப்புத் திரையில் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு அப்படியே நின்றது. எங்கேயோ ஒரு புள்ளியை விட்டிருக்கிறேன். உனக்கு எழுதிப் பதில் வருவதற்குள் அடுத்த மாதமே வந்துவிடும். யாரிடம் போய்க் கேட்பேன்? பத்து நாள், தம்பி. அந்தப் பத்து நாளும் வீட்டில் பேச்சு மூச்சு இல்லை. பதினோராம் நாள் துணிந்து கடவுச்சொல்லைப் போட்டு, சேர்த்த வரியைத் தேடிப்பிடித்து அழித்தேன். உயிர் வந்தது. கம்ப்யூட்டருக்குத்தான் சொல்கிறேன். நான் அழுத அழுகையைப் பார்த்து அப்பா என் தலையில் கை வைத்தார்.

மற்றபடி சிடி அப்படியேதான் இருக்கிறது. அப்படி ஒரு சாதனம் இல்லை, இல்லை, இல்லை.

அப்பாவுக்கு உன்மேல் கோபமெல்லாம் இல்லை. கை வலி. அதனால்தான் எழுதவில்லை.

அக்கா கெஞ்சுகிறாள் என்று நினைத்துக்கொள். நாள் ஓடுகிறது. வேறு ஏதாவது வழி இருந்தால் சொல். பெட்டியைத் திறந்துதான் பார்ப்போமே? அப்பா மறுபடியும் அதையேதான் சொல்கிறார். "தம்பி கூடாதுன்னு சொல்லியிருக்கான்பா, அவனுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?" என்று நான் அதட்டிவிட்டேன். பிறகு மனசு கேட்கவில்லை.

அக்கா


ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கடிதத்தைப் படித்தால் நீதான் நலமாக இல்லாத மாதிரி இருக்கிறது. ஒரு கேக் சிடிக்கு யாராவது அழுவார்களா? பேக்கரியில் மிரட்டுகிறார்களா? அப்படியென்றால் வேலையைத் தூக்கிப் போடு. நவம்பரில் நான் வந்துவிடுவேன்.

பெட்டி விஷயத்தில் மாற்றமில்லை. திறக்கக் கூடாது. திறந்து நீ எதையாவது தொட்டுவைத்தால் இருக்கிறதும் போய்விடும்.

இங்கிருந்து எனக்குக் கண் தெரியவில்லை, அதுதான் தொல்லை. நீதான் என் கண். இரண்டு வேலை செய். ஒன்று, சிஸ்டம் எழும்போது ஓடுகிற வரிகளைப் பார்க்க ஒரு கட்டளை தந்திருக்கிறேன், அதை அடித்து வருவதையெல்லாம் எழுது. இரண்டு, அடுத்த கட்டளையை அடித்தால் வீட்டுக் கோப்புகளின் பட்டியல் வரும். சிடிக்கு நான் வைத்த குறுக்குவழி அதில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதையும் எழுது.

இது வேண்டும், இது வேண்டாம் என்று நீயாக முடிவு கட்டாதே. திரையில் இருப்பதை மேலிருந்து கீழ்வரை, ஓர் எழுத்து விடாமல் எழுதி அனுப்பு.

தம்பி


ஜூலை 10

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரிக்கவும் தெம்பில்லை. பேக்கரியிலிருந்து வந்து உட்கார்ந்து எழுதியே மூன்று நாள் ஆயிற்று. முதல் கட்டளைக்கு வந்தது தனியாக நான்கு பக்கம். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. உறைமேல் லேபிள் எழுதுகிற மாதிரி பார்த்துப் பார்த்து எழுதினேன். இரண்டாவது கட்டளைக்கு வந்தது கீழே. கடைசியில் கண் பார்க்கவில்லை, கைதான் எழுதியது.

தண்ணி
ஜன்னல் சாத்து வெயில்
தம்பிக்குச் சொல்லாதே
இன்னொரு தடவை என்னால ஆகக் கூடாது
நீ சாப்பிட்டியா
கால் மரத்துப் போச்சு
பெட்டிக்குள்ள பட்டை ஒயர் மாட்டல
நான்தான் டார்ச் பிடிச்சேன்
வாய்தான் போச்சு கண்ணு தெரியுது
அவன் சொன்னா சரி விடு
அழாதே
எத்தனை நாள் இருக்கு
எத்தனை நாள் இருக்கு 2
எத்தனை நாள் இருக்கு 3

இவ்வளவுதான். குறுக்குவழி என்று எதுவும் இல்லை. பார்த்துச் சொல்.

அக்கா


ஜூலை 31

அக்கா,

அப்பாவுக்கு என்ன ஆச்சு?

படகு வந்தது, கடிதத்தைப் பிரித்தேன், குறுக்குவழியைத் தேடிக்கொண்டே படித்தேன். 'வாய்தான் போச்சு' வரியில் நின்றுவிட்டேன். திரும்ப முதலிலிருந்து படித்தேன். கை வலி என்று நீ எழுதியதையும், பத்து நாள் பேச்சு மூச்சு இல்லை என்று எழுதியதையும், தமிழ் இல்லாமல் முடியாது என்று எழுதியதையும் எடுத்து வைத்துப் படித்தேன். அது கேக் சிடி இல்லை, இல்லையா? எத்தனை நாள் இருக்கு என்று எதைக் கேட்கிறார்? எதற்கு எத்தனை நாள்? தெரிந்துதான் இந்தப் பட்டியலை எழுதினாயா?

முதலில் இதைச் செய். பெட்டியைத் திற. பின்பக்கம் இரண்டு ஸ்குரூ. மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுத் திற. சாம்பல் நிறத்தில், ஒரு விரல் நீள அகலத்துக்குப் பட்டை ஒயர் ஒன்று சும்மா தொங்கும். அதைச் சிடி டிரைவின் முதுகில் மாட்டு. ஒரு ஓரம் சிவப்பாக இருக்கும், அது மின்சார ஒயர் இருக்கிற பக்கம் வரட்டும்.

நான்தான் கழற்றினேன். கிளம்புகிறதுக்கு முந்தின சாயந்திரம் பழைய டிஸ்க்கிலிருந்து என் பாட்டுகளை எடுக்க, சிடியின் பட்டையைப் பிடுங்கி அதில் மாட்டினேன். டிஸ்க்கை வெளியே எடுத்தேன், பட்டையைத் திரும்ப மாட்டவில்லை. மூடிவிட்டேன். விளக்குக்கும் தட்டுக்கும் மின்சாரம் போதும், சிஸ்டத்தோடு பேசுவது அந்தப் பட்டைதான். அது இல்லாமல் நான் எத்தனை கட்டளை எழுதினாலும் 'அப்படி ஒரு சாதனம் இல்லை' என்றுதான் சொல்லும். அது உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. அப்பா பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தார்.

ரேடியோவில் கம்பெனி அலுவலகத்தைக் கூப்பிட்டேன். என் அக்காவிடம் போய்ப் பெட்டியைத் திறந்து ஒயரை மாட்டச் சொல்லுங்கள் என்றேன். அங்கே இருந்தவர் சிரித்தார். குறித்துக்கொண்டாரா, தெரியவில்லை. என்னை இறக்கிவிடுங்கள் என்று கேப்டனிடம் கேட்டேன். படகு ஆள் ஏற்றாது, கப்பல் திரும்பினால்தான் இறங்கலாம் என்றார். மேல்தளத்தில் நின்று பார்த்தேன். நாலு பக்கமும் தண்ணீர்தான். நான் என்ன செய்வேன், அக்கா?

தம்பி


ஆகஸ்ட் 22

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் பத்தொன்பதாம் தேதி வந்தது. அலுவலகத்திலிருந்து ஒருவரும் வரவில்லை, ஒரு சேதியும் வரவில்லை. நீ கேட்டதற்கெல்லாம் பதில் இத்துடன் வைத்திருக்கிற பழைய கடிதத்தில் இருக்கிறது. மார்ச் மாதம் எழுதி டிராயரில் போட்டது. படிக்கும்போது உட்கார்ந்துகொள்.

பெட்டியைத் திறந்தேன். அப்பா டார்ச் பிடித்தார், இடது கையால். பட்டை தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டதும் சிடி தானாகவே திரையில் வந்து நின்றது. நான்கு மாதமாக இல்லை, இல்லை என்றது, இப்போது என்ன வேண்டும் என்று கேட்கிறது. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

திரையில் ஒரு பெண் வந்து வாயைத் திறந்து "ஆ, சொல்லுங்க" என்கிறாள். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். முதல் நாள் காற்றுதான் வந்தது. மார்ச்சிலேயே பிரௌசிங் சென்டரில் பார்த்துவிட்டு வந்து நான் செய்து காட்டியிருக்கிறேன். பாதியை மறந்துவிட்டு நான் காட்டிய கோணல் முகத்தைப் பார்த்து அவர் சிரித்தார், அப்புறம் அழுதார். அதோடு விட்டுவிட்டேன். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய், இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறோம் என்று சொன்னேன். பயிற்சி அம்மா தேதியைப் பார்த்தார். "பண்ணுங்கம்மா, பண்றதுல தப்பில்ல" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

தெரிந்து எழுதினேனா என்று கேட்டாய். சொல்லாதே என்று அப்பா கையைக் கட்டிவிட்டார், ஓர் எழுத்து விடாதே என்று நீ அவிழ்த்துவிட்டாய். தெரிந்து எழுதினேனா, தெரியாமல் எழுதினேனா என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

உன்னைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். வரவில்லை. அப்பா இரண்டு தடவை சொன்னார், பக்கத்தில் இருந்த நான் கேட்கவில்லை. ஸ்குரூ டிரைவர் நம் டிராயரிலேயேதான் கிடந்தது, அனுப்பாத கடிதத்துக்குப் பக்கத்தில். கடலில் இருக்கிறவன் சொல்கிறானே என்று சும்மா இருந்துவிட்டேன்.

இனி நீயும் பாதியில் வந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. முடித்துவிட்டு வா. அப்பா உனக்கு ஒன்று அடித்திருக்கிறார், நாலு நாள் அடித்தார். பிரிண்டர் இல்லை. அடுத்த தாளில் ஓர் எழுத்து விடாமல் எழுதியிருக்கிறேன்.

அக்கா


தம்பி

நல்லா இருக்கியா. நான் இருக்கேன்.

அக்காவை ஒண்ணும் சொல்லாதே. ராத்திரி பகல் பாக்காம உன் எழுத்தை வச்சுக்கிட்டு மல்லாடினா பாவம்.

பாதியில இறங்கி வந்தே வாசல்லயே நிக்க வப்பேன்.

சிடிக்காரி ஆ சொல்லுங்கன்னு கேக்கறா. தினம் மூணு வேளை நானும் ஆ ன்னுதான் சொல்றேன். அவ காதுல விழல. அக்காவும் பக்கத்துல உக்காந்து ஆ ங்கறா. தெருவுல போறவன் என்ன நினைப்பானோ.

நீ எழுதினதை அக்கா படிச்சுக் காட்டினா. நான் டார்ச் பிடிச்சது ஞாபகம் இருக்குன்னு எழுதியிருக்கே. நான் சொன்னது ஞாபகம் இருக்கா. டேய் இந்தப் பட்டை எதுலயும் மாட்டாம தொங்குதேன்னு கேட்டேன். அது அப்படித்தான்பா நீங்க வெளிச்சத்தை நேரா காட்டுங்கன்னே.

அன்னிக்கு எனக்கு வாய் நல்லாத்தான் இருந்துச்சு. முப்பது வருஷம் மைக்குல சொன்னேன் ஊரே கேட்டு பஸ் ஏறிச்சு. நீ மட்டும் கேக்கல.

அப்பா